இலங்கை மலையகத்தில் ஒரு நாலு வயதுப் பிள்ளைக்கு மாதாமாதம் உதவ வேண்டும்: எப்படிச் செய்வது?

மஞ்சக்குப்பத்தான்:

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வயது 51. பையன் போன வருஷம் படிப்பை முடித்து ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். நாலு வருஷமாக அவனுடைய ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் கட்டிக்கொண்டிருந்த பணம் இப்போது கையில் நிற்கிறது. அதிலிருந்து மாதம் 3,000 ரூபாயை ஒரு பிள்ளைக்கு ஒதுக்குவது என்று நானும் என் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம்.

பிள்ளை இருப்பது ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். வெளிநாடு எதற்கு என்று கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். என் தாத்தாவின் அக்கா திருக்கோவிலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். அந்தக் குடும்பம் பஞ்ச காலத்தில் 'கண்டிச் சீமைக்கு' என்று மண்டபம் வழியாகப் போனது. அவர் திரும்பவே இல்லை. 1964 சாஸ்திரி–சிறிமா ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து லட்சக்கணக்கில் ஆட்களைத் திருப்பி அனுப்பினார்களே, அப்போது தாத்தா ஒவ்வொரு தடவையும் யாராவது அக்காவைப் பார்த்தார்களா என்று விசாரித்துக்கொண்டே இருந்தாராம். சாகும்வரைக்கும் தகவல் இல்லை.

போன மார்ச்சில் நாங்கள் இரண்டு பேரும் சுற்றுலாவாக இலங்கை போனோம். அந்தக் குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் எண்ணமெல்லாம் இல்லை, அந்த மலையை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும் என்றுதான். வேன் ஓட்டிய தம்பி அந்த ஊர்க்காரர். டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று அவர் வீட்டுக்கே கூட்டிப்போனார். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வீடுகள் ஒரே கூரையின்கீழ், அதை 'லயம்' என்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளை வாசலில் நின்றது. பெரியவர்கள் போடும் ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டு, கையை மூன்று மடிப்பு மடித்து விட்டிருந்தார்கள். காலில் செருப்பு இல்லை. கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் சோப்பைக் குழைத்துத் தடவியிருந்தது. என் மனைவியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் வேனில் ஏறும்வரைக்கும் விடவில்லை. அப்பா கொழும்புக்கு வேலைக்குப் போனவர், இரண்டு வருஷமாகத் தகவல் இல்லையாம். அம்மா கொழுந்து பறிக்கிறார்.

ஊர் வந்த பிறகும் மனைவிக்கு அந்த நினைப்புதான். எனக்கும்தான். கேள்வி இதுதான். பணத்தை அந்த அம்மாவுக்கு நேராக அனுப்பலாமா, இல்லை ஏதாவது அமைப்பு மூலம்தான் போக வேண்டுமா? சட்டத்தில் இடம் இருக்கிறதா? அந்தக் குடும்பத்துக்கு எங்களால் ஒரு சங்கடமும் வந்துவிடக் கூடாது. செய்தவர்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

(கீழே பிள்ளையின் படம் போட்டிருந்தேன். வைத்திக்குப்பம் அக்கா சொன்ன பிறகு எடுத்துவிட்டேன்.)

---

லாஸ்பேட்டை பென்ஷனர்:

31 வருஷம் வங்கியில் இருந்தவன், கடைசி ஆறு வருஷம் வெளிநாட்டுச் செலாவணிப் பிரிவு. பண விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

தாராளமாக அனுப்பலாம். ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தின்கீழ் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி உண்டு. அன்பளிப்பு, நன்கொடை இரண்டும் அதில் அடக்கம். பான் கார்டு எடுத்துக்கொண்டு உங்கள் கணக்கு இருக்கும் வங்கியில் அந்நியச் செலாவணி பார்க்கும் கிளைக்குப் போங்கள். ஏ-2 என்று ஒரு படிவம் கொடுப்பார்கள். அதில் எதற்காக அனுப்புகிறோம் என்பதற்கு ஒரு குறியீடு எழுத வேண்டும். தனி ஆளுக்கு அன்பளிப்பு என்றால் எஸ்1302, அங்குள்ள தொண்டு நிறுவனத்துக்கு என்றால் எஸ்1303. சிலர் தெரியாமல் 'குடும்பப் பராமரிப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். அது நெருங்கிய உறவினருக்கு. நீங்கள் அப்படி எழுத வேண்டாம்.

டி.சி.எஸ். வரி பிடிப்பார்களே என்று பயப்படாதீர்கள். 2025 ஏப்ரலில் இருந்து வருஷத்துக்குப் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சே. உங்கள் தொகை வருஷத்துக்கு 36,000. ஆனால் 80ஜி வரிச்சலுகை கிடைக்காது. அது இந்தியாவில் பதிவான, ஒப்புதல் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான். எஃப்.சி.ஆர்.ஏ. சட்டமும் உங்களைத் தொடாது, அது வெளிநாட்டுப் பணம் இங்கே வருவதற்கானது.

மாதாமாதம் மூவாயிரம் அனுப்பாதீர்கள். நம் வங்கியின் கட்டணம், அதன் மேல் ஜி.எஸ்.டி., நடுவில் ஒரு வங்கி இருந்தால் அதன் பிடித்தம் என்று தொகை சின்னதோ பெரியதோ ஏறத்தாழ ஒரே அளவு செலவு ஆகும். மூவாயிரத்தில் நல்ல பங்கு அதிலேயே போய்விடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை 18,000 என்று அனுப்புங்கள்.

பஜாரில் வெளிநாட்டுப் பணம் வாங்குகிற கடைகளைப் பார்த்து அங்கேயே கட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்தக் கடைகள் நடக்கிற எம்.டி.எஸ்.எஸ். முறையில் இந்தியாவில் வாங்கத்தான் முடியும், அனுப்ப முடியாது. இலங்கையில் 2024 பிப்ரவரியில் யூ.பி.ஐ. வந்தது உண்மைதான். ஆனால் அது அங்கே போகிற நம் ஆட்கள் கடையில் ஸ்கேன் செய்து கட்டுவதற்கு வந்தது. அப்புறம், இங்கே ஒருவரிடம் ரூபாயைக் கொடுத்தால் அங்கே ஒருவர் கொண்டுபோய்க் கொடுப்பார் என்று யாராவது வருவார்கள். அந்த ஊரில் அதற்கு 'உண்டியல்' என்று பெயர். ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு விரோதம். உங்களை விடுங்கள், அந்த அம்மாவை ஒரு நாள் போலீஸ் கேட்டால் பாவம் அவர் என்ன பதில் சொல்வார்?

---

நெல்லிக்குப்பம்:

உங்கள் மனதைக் குறை சொல்லவில்லை சார். ஆனால் தேவனாம்பட்டினத்திலும் சோனாங்குப்பத்திலும் அப்பா இல்லாத பிள்ளைகள் இல்லையா? ஆட்சியர் அலுவலகத்துக்குப் பக்கத்தில்தானே கடை? மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய்க் கேளுங்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் அரசே தருகிறது. அது கிடைக்காமல் விட்டுப்போன பிள்ளைகள் எத்தனை பேர்! நீங்கள் ஜெராக்ஸ் எடுத்து, படிவம் நிரப்பிக் கொடுத்தாலே நாலு குடும்பம் பிழைக்கும். பணமே கொடுக்க வேண்டாம்.

---

மஞ்சக்குப்பத்தான்:

@லாஸ்பேட்டை பென்ஷனர் ஐயா, ரொம்ப நன்றி. குறியீடு வரைக்கும் சொல்லிவிட்டீர்கள்.

@நெல்லிக்குப்பம், நீங்கள் சொல்வது நியாயம். படிவம் நிரப்பிக் கொடுப்பதை நாளையிலிருந்தே செய்கிறேன், அந்தத் திட்டத்துக்கு வருகிறவர்களிடம் ஜெராக்ஸுக்குக் காசு வாங்க மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை முந்தானையைப் பிடித்தது எங்கள் வீட்டு முந்தானையை. அதை ஊர்க் கணக்கில் நேர் செய்ய முடியவில்லை.

---

வைத்திக்குப்பம்:

தம்பி, முதல் வேலையாகப் படத்தை எடுத்துவிடுங்கள். முகம், தோட்டத்தின் பெயர்ப் பலகை, அப்பா இல்லை என்கிற சேதி, மூன்றும் சேர்ந்து உலகமே பார்க்கிற இடத்தில் கிடக்கிறது. நல்லவர்கள் மட்டும் பார்ப்பதில்லை. மற்றதை அப்புறம் பேசுவோம்.

---

வைத்திக்குப்பம்:

எடுத்துவிட்டதற்கு நன்றி. இப்போது நிதானமாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகும்.

நான் உதவி வாங்கிய பக்கத்துப் பிள்ளை. புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் பிறந்தவள். அப்பா கட்டுமரத்தில் போய்த் திரும்பாதபோது எனக்கு ஆறு வயது. 1976. அம்மா மீன் கூடை தூக்கினாள். ஊரில் ஒரு அமைப்பு என் பெயரை எழுதிக்கொண்டு போய் பிரான்ஸில் நாந்த் நகரத்தில் இருந்த ஒரு பள்ளி ஆசிரியையோடு சேர்த்துவிட்டது. பிரெஞ்சில் அப்படிப்பட்டவரை 'மரேன்' என்பார்கள், ஞானத்தாய் என்று பொருள். பன்னிரண்டு வருஷம் அந்தம்மா எனக்குப் பணம் கட்டினார். படித்து முடித்து, பிரெஞ்சும் கற்றுக்கொண்டு, அதே மாதிரியான வேறொரு அலுவலகத்தில் இருபது வருஷம் பிள்ளைகளின் கடிதங்களைத் தமிழிலிருந்து பிரெஞ்சுக்கும் அங்கிருந்து வருவதைத் தமிழுக்கும் மாற்றிக்கொண்டிருந்தேன். அதனால் இரண்டு கரையும் எனக்குத் தெரியும்.

வருஷத்துக்கு இரண்டு முறை கடிதம் எழுதும் நாள் வரும். எங்களை வரிசையாகத் தரையில் உட்கார வைத்து, பொறுப்பாளர் கரும்பலகையில் எழுதிப்போடுவார். 'அன்புள்ள அம்மா, நான் நலம். நீங்கள் நலமா? இங்கே மழை பெய்கிறது. நான் நன்றாகப் படிக்கிறேன்.' நாற்பது பிள்ளைகளும் அதையே பார்த்து எழுதுவோம். கீழே ஒரு படம் வரைய இடம் விட்டிருக்கும். எல்லோரும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு தென்னை மரம். கடலைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள், ஒருத்தருக்கும் கடலை வரையத் தோன்றாது. பாடப்புத்தகத்தில் மலைதான் இருந்தது.

எனக்கு ஒன்பது வயதில் ஒரு தடவை பலகையில் இல்லாத ஒரு வரியை அடியில் சேர்த்துவிட்டேன். 'நேற்று அம்மா கவலை மீன் மட்டும் கொண்டுவந்தாள், விற்கவில்லை, நாங்களே தின்றோம்.' கவலை என்பது சின்ன மீன், நம் கரையில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு மொழிபெயர்த்தவர் கடற்கரை ஆள் இல்லை போலிருக்கிறது. கவலை என்பதைத் துயரம் என்றே எடுத்துக்கொண்டு, 'அம்மா துயரத்தோடு மீன் கொண்டுவந்தாள்' என்கிற மாதிரி எழுதிவிட்டார். நாலு மாதம் கழித்து பதில் வந்தது. அதற்கு முன்பு வந்ததெல்லாம் ஐந்து வரி, வாழ்த்து அட்டை. இது மூன்று பக்கம். உன் அம்மாவுக்கு என்ன துயரம், உடம்பு சரியில்லையா, மீன் விற்காவிட்டால் அன்றைக்கு என்ன சாப்பிடுவீர்கள், உன் அம்மாவின் பெயர் என்ன, அவருக்கு என்ன வயது என்று கேட்டிருந்தார். என் அம்மாவின் பெயரை அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. அம்மா அந்தக் கடிதத்தை மடித்து சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தாள். பதில் எழுத அடுத்த கடித நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்றபோது, காசு கொடுத்துத் தபால் தலை வாங்கித் தருகிறேன், எழுது என்றாள். ஒரு நாள் வியாபாரத்துக் காசு அது.

நான் பிரெஞ்சு படித்ததே அந்த ஒரு வரிக்காகத்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மாதம் எவ்வளவு என்று சொன்னீர்கள், எத்தனை வருஷம் என்று சொல்லவில்லை. தம்பி, எனக்கு அதுதான் பெரிய கேள்வி. பிள்ளைக்கு நாலு வயது என்றால் பதினெட்டு வரைக்கும் பதினாலு வருஷம். உங்களுக்கு அப்போது 65. கடையை அதுவரை நடத்துவீர்களா? உங்கள் பையனுக்குக் கல்யாணம், பேரன் பேத்தி என்று வரும்போதும் இந்தப் பணம் ஒதுங்குமா? மூவாயிரம் பதினாலு வருஷத்துக்கு முடியாது என்றால் ஆயிரமாகத் தொடங்குங்கள். என்னோடு உட்கார்ந்து எழுதிய பையன் ஒருவன், கணக்கில் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டி. எட்டாம் வகுப்பில் இருக்கும்போது அவனுக்குப் பணம் கட்டியவர் நிறுத்திவிட்டார். ஏன் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த அமைப்பும் வேறு ஆளைப் பார்த்துக் கொடுக்கவில்லை. பணம் நின்றதைக்கூடத் தாங்கினான், தான் எழுதிய கடிதத்தில் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டானே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மூன்று பேரிடம் போய்த் தன் கடைசிக் கடிதத்தின் வரிகளைச் சொல்லி, இதில் என்ன தப்பு என்று கேட்டான். ஒன்பதாம் வகுப்பு பாதியில் ஹார்பருக்கு ஐஸ் உடைக்கப் போய்விட்டான்.

இது ஒருவன் கதை. 2017 மார்ச்சில் பிள்ளைகளுக்கு இப்படி ஆள் சேர்த்துவிடுகிற கம்பேஷன் என்கிற பெரிய அமெரிக்க அமைப்பு, வெளிநாட்டுப் பணத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்று உள்துறை அமைச்சகம் சொன்ன பிறகு, இந்தியாவில் தன் வேலையை முழுக்க நிறுத்தியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே சமயத்தில் அந்தப் பக்கத்துக் கை விட்டுப்போனது. யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. நான் அப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால் அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு அந்தப் பையனின் முகம்தான் கண்ணில் நின்றது.

இதனால் பிரயோஜனம் உண்டா என்று சந்தேகப்பட்டால், உண்டு. அதே அமைப்பின் பிள்ளைகளைப் பெரியவர்களான பிறகு தேடிப்போய்ப் பார்த்த ஒரு ஆய்வு 2013இல் வந்தது. புரூஸ் வைடிக் என்கிற பொருளாதாரப் பேராசிரியரும் இன்னும் இரண்டு பேரும் செய்தது. இந்தியா, கென்யா, உகாண்டா, பிலிப்பைன்ஸ், குவாத்தமாலா, பொலிவியா, மொத்தம் பத்தாயிரத்துக்கும் மேல் ஆட்கள். உதவி பெற்ற பிள்ளைகள் பெறாதவர்களைவிட ஒன்றிலிருந்து ஒன்றரை வருஷம் வரை கூடுதலாகப் பள்ளியில் இருந்திருக்கிறார்கள். பள்ளிப் படிப்பை முடிப்பவர்களும் கூடியிருக்கிறார்கள். ஒரு வருஷம் என்பது சின்னதாகத் தெரியலாம். எங்கள் குப்பத்தில் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு வருஷத்தில்தான் வாழ்க்கை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும்.

இன்னொன்று. 'தத்து' என்கிற சொல்லை வாயில்கூட எடுக்காதீர்கள். எங்கள் காலத்தில் அலுவலகத்து ஆட்களே 'உன் தத்து அம்மா' என்று பேசுவார்கள். நான் பத்து வயது வரைக்கும் ஒரு நாள் கப்பல் வந்து கூட்டிப்போகும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அம்மாவை விட்டுப் போக வேண்டுமே என்று ராத்திரியில் அழுவேன். நீங்கள் அந்தப் பிள்ளைக்கு மாமா, அத்தை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அம்மா என்று ஒருத்தி இருக்கிறாள், கொழுந்துக் கூடையோடு.

அமைப்பா, நேரடியா என்பதற்கும் சொல்கிறேன். 1937இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது ஜான் லாங்டன்-டேவிஸ் என்கிற ஆங்கிலேயப் பத்திரிகையாளர் ஒரு சிறுவனைப் பார்த்தார். அவனுடைய தகப்பன், நான் கொல்லப்படுவேன், இவனைக் கண்டெடுப்பவர் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார். அதிலிருந்து பிறந்ததுதான் இன்றைக்குப் பிளான் இன்டர்நேஷனல் என்கிற அமைப்பு. ஒரு பிள்ளைக்கு ஒரு வளர்ப்பாளர், கூடவே கடிதம் என்று அப்போது வைத்த முறை. ஆனால் இப்போது பெரிய அமைப்புகள் பலவும் பணத்தைப் பிள்ளையின் கையில் தருவதில்லை. ஊருக்குக் கிணறு, பள்ளிக்குக் கழிப்பறை என்று பொதுவில் போடுகின்றன. காரணம் இருக்கிறது. எனக்குப் புதுப் பாவாடை வந்த அன்றைக்கு எதிர்வீட்டுப் பிள்ளை என்னோடு பேசவில்லை. அவளுக்கும் அப்பா இல்லை. அவள் பெயரை மட்டும் யாரும் எழுதிக்கொண்டு போகவில்லை. லயத்தில் சுவருக்குச் சுவர் ஒட்டி வீடு. நீங்கள் ஒரு வாசலில் சப்பாத்து (ஷூ) வைத்தால் மற்ற பதினோரு வாசலும் பார்க்கும்.

அதனால் நேரடியாக என்றாலும், நடுவில் பிள்ளைகளைத் தெரிந்த ஒரு ஆள் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும். பள்ளி ஆசிரியர் என்றால் ரொம்ப நல்லது.

கடிதம் எழுதுங்கள் தம்பி. உங்களுக்கு மொழிபெயர்ப்பாளரே வேண்டாம், எவ்வளவு பெரிய பாக்கியம்! கவலை மீனைக் கவலை மீன் என்றே எழுதலாம்.

---

மஞ்சக்குப்பத்தான்:

அக்கா, படித்துவிட்டுக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் அவள்தான் கணக்கு நோட்டை எடுத்துவந்தாள். பதினாலு வருஷத்துக்கு எவ்வளவு முடியும் என்று உட்கார்ந்து போட்டோம். மாதம் இரண்டாயிரம் என்று முடிவு. எனக்கு ஏதாவது ஆனால் பையன் தொடர வேண்டும். ஓசூருக்குப் போன் போட்டுக் கேட்டோம், சரி என்றான். மீதி ஆயிரத்தை நெல்லிக்குப்பம் சொன்ன மாதிரி இங்கே.

நடுவில் ஒரு ஆள் என்றீர்களே, வேன் தம்பியிடம் கேட்டிருக்கிறேன்.

---

ஹட்டன் டீச்சர்:

வணக்கம் அண்ணா. வேன் ஓட்டுகிற தம்பி என் மாணவன். அவன்தான் இந்தப் பக்கத்தை அனுப்பினான். நான் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளியில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான், நான் பிறந்ததும் லயத்தில்.

பிள்ளையை எனக்குத் தெரியும். அம்மா காலையில் பெரட்டுக் களத்துக்கு, வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு, போகும்போது பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போவார். தோட்டத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. 2024இல் நாள் சம்பளம் 1,350 இலங்கை ரூபா என்று அறிவித்தார்கள். காகிதத்தில் அது சரி. பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். மழைக் காலத்தில் வேலை நாளும் குறையும். 2022 நெருக்கடியில் ஏறிய சாமான் விலை பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை.

எங்கள் நாட்டில் முதலாம் தரத்தில் (முதல் வகுப்பில்) இருந்து கல்வி இலவசம், பாடப் புத்தகமும் சீருடைத் துணியும் அரசு தரும். ஆகவே எதற்குப் பணம் என்று சிலர் கேட்பார்கள். முன்பள்ளி இலவசம் அல்ல. இந்தப் பிள்ளை தை மாதம் முன்பள்ளிக்குப் போக வேண்டும், கட்டணம் மாதாமாதம். முன்பள்ளி போகாத பிள்ளை முதலாம் தரத்தில் வந்து உட்காரும்போது பென்சில் பிடிக்கவே மூன்று மாதம் போகும். அதற்குள் மற்றவர்கள் ஓடிவிடுவார்கள். ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் (ஸ்காலர்ஷிப்) பரீட்சை, அதில் நன்றாகச் செய்தால் நகரத்துப் பெரிய பள்ளிக்குப் போகலாம். தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தக் கதவு இங்கேயே, நாலு வயதிலேயே திறக்கவோ மூடவோ தொடங்கிவிடும். நான் திறந்து வந்தவள், அதனால் சொல்கிறேன்.

முன்பள்ளிக் கட்டணத்தை நேரே முன்பள்ளிக்குக் கட்டுவோம், பற்றுச்சீட்டை உங்களுக்கு அனுப்புகிறேன். மீதியைப் பிள்ளையின் பெயரில் சிறுவர் சேமிப்புக் கணக்கில் போடலாம், பதினெட்டு வயது வரை சும்மா எடுக்க முடியாது. அம்மாவிடம் கேட்டுவிட்டேன். முதலில் பயந்தார். பிள்ளையைக் கேட்பார்களோ என்று. வைத்திக்குப்பம் அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினேன். கப்பல் வரும் என்று அழுத இடத்தில் அவரும் அழுதுவிட்டார். பிறகு, சரி டீச்சர், கடிதம் எழுதச் சொல்லுங்கள், நான் வாசித்துக் காட்டுகிறேன், நான் ஒன்பது வரை படித்தவள் என்றார்.

சப்பாத்தைப் பற்றி அக்கா சொன்னது மெத்தச் சரி. ஒரு பிள்ளைக்கு மட்டும் வேண்டாம் அண்ணா. அங்கிருந்து வாங்கி அனுப்பவும் வேண்டாம், தபால் செலவும் சுங்கமும் வீண். முதல் ஆறு மாதப் பணத்தில் காம்பராவில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் ஹட்டனிலேயே வாங்கலாம். பதினொரு பேர்தான். கடைக்காரர் என் உறவு, விலை பார்த்துத் தருவார். கால் அளவு மட்டும் எடுத்துவிடுகிறேன்.

---

வைத்திக்குப்பம்:

டீச்சரம்மா, இனி எனக்கு இங்கே வேலை இல்லை. ஒன்று மட்டும். வருஷத்துக்கு இரண்டு கடிதம் போதும், ஆனால் தவறக் கூடாது. பிள்ளை பதில் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து வார்த்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். மலையை வரைந்தால் வரையட்டும், அங்கே மலை இருக்கிறது.

---

மஞ்சக்குப்பத்தான்:

எல்லோருக்கும் தகவல். இன்றைக்குக் காலையில் வங்கிக்குப் போய் ஏ-2 படிவம் கொடுத்துவிட்டு வந்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் முதலில் யாருக்கு, என்ன உறவு என்று கேட்டார். அன்பளிப்பு, எஸ்1302 என்று பென்ஷனர் ஐயா சொன்னபடியே சொன்னேன். பணம் முன்பள்ளி விஷயத்துக்கு டீச்சர் கணக்குக்குப் போகிறது. அந்த அம்மாவின் சம்மதத்தைக் கையெழுத்தோடு வாங்கி வைத்திருக்கிறோம்.

கடிதமும் எழுதியாயிற்று. நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மனைவி எழுதினாள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கெடிலம் ஆறு ஓடுகிறது, அது கடலில் சேரும் இடத்தில் சிவப்பு நண்டு ஓடும், கிட்டே போனால் குழிக்குள் போய்விடும் என்று எழுதி, ஒரு நண்டு வரைந்தாள். அந்த அம்மாவின் பெயரைக் கேட்டு முதல் வரியில் அவருக்கும் வணக்கம் எழுதினோம்.

டீச்சர் நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். முகம் எதுவும் இல்லை, அதனால் சொல்லலாம் என்று நினைக்கிறேன். பழைய காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் பதினொரு பிள்ளைகளின் பாதத்தையும் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் எண், பக்கத்தில் அடிக்கோலால் அளந்து சென்டிமீட்டர். நம் பிள்ளையுடையது ஏழாவது, 15.5. பெருவிரலுக்குப் பக்கத்தில் கோடு கொஞ்சம் அலைந்திருக்கிறது, கூசிக் காலை இழுத்திருப்பாள் போல. ஒரு நம்பர் பெரிதாகவே வாங்குங்கள் டீச்சர், மழைக் காலம் முடிவதற்குள் வளர்ந்துவிடும்.